பூனையை வெளியே விடுவதா, பூட்டி வைப்பதா, வலை போடுவதா?

காலை ஆறரை மணிக்குப் பால் காய்ச்ச எழுந்து போனால் சமையலறைத் தரையில் பாதி உயிரோடு ஓர் அணில். பக்கத்தில் எங்கள் மிளகு, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேலையை முடித்துவிட்டுக் கூலிக்கு நிற்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. முந்தின இரவு வயிறு முட்ட மீனும் சோறும் தின்ற பூனை. கிண்ணத்தில் மிச்சம்கூட இருந்தது. அணில் அரை மணி நேரத்தில் செத்துப்போனது. அதை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கீழே வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு மாடி ஏறும்போதுதான், இனி இதை வெளியே விடலாமா வேண்டாமா என்று முதல்முறையாக ஒழுங்காக யோசித்தேன். யோசித்து, படித்து, மூன்று விதமாகச் செய்து பார்த்து முடிவுக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. நீங்களும் பூனை வைத்திருந்தால், அல்லது ஒரு குட்டியை எடுத்து வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலவரம் இது. சென்னையில் மூன்றாவது மாடி, சின்ன ஃபிளாட், ஒரு பால்கனி. மிளகு கறுப்புப் பெட்டைப் பூனை, ஐப்பசி மழையில் ஒரு காரின் பானெட்டுக்குள்ளிருந்து எடுத்த குட்டி. வளர்ந்ததும் சமையலறை ஜன்னல் வழியாக சன்ஷேடில் இறங்கி, அங்கிருந்து பக்கத்து வீட்டு மாமரத்துக்குத் தாவி, அங்கிருந்து எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் எனக்கு மண்டையில் ஏற வேண்டியிருந்தது, பசி வேறு வேட்டை வேறு என்பது. நன்றாகச் சோறு போட்டால் பூனை வேட்டைக்குப் போகாது என்று நான் நினைத்திருந்தேன், எலி பிடிக்க வேண்டுமென்றால் பூனையைப் பட்டினி போட வேண்டும் என்று ஊரில் சொல்வதன் மறுபக்கம் அது. இரண்டுமே சரியில்லை. 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளுக்கு முன்னால் எலியை விட்டுப் பார்த்தார்கள். தின்பதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் எலியைக் கொன்று, அதைக் கவ்விக்கொண்டு வந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தன. கணக்குப் போட்டால் இதில் நியாயம் இருக்கிறது. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரிதான். ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு எட்டு, பத்து சுண்டெலி வேண்டும், பாய்கிற பாய்ச்சலில் பலதும் வீணாகிப்போகும். பசித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்த பூனையின் வம்சம் எப்போதோ அழிந்திருக்கும். இன்று நம் மடியில் தூங்குவது, கண்ணில் எது அசைந்தாலும் உடனே பாய்ந்த பூனைகளின் வழி வந்தது.

நாய் விஷயம் அப்படியில்லை. ஆடு மேய்க்க ஒன்று, காவலுக்கு ஒன்று, முயல் துரத்த ஒன்று என்று மனிதன் நாயின் குணத்தைத் தன் தேவைக்கேற்ப வளைத்து இனம் பிரித்தான். பூனை தானாக வந்த விருந்தாளி. மேற்காசியாவில் சுமார் 10,000 வருடங்களுக்கு முன் தானியம் சேமிக்கத் தொடங்கினார்கள், எலி வந்தது, எலிக்குப் பின்னால் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையைப் புதைத்திருந்த 9,500 வருடப் பழைய குழியைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இத்தனை காலமும் அதன் வேட்டைதான் நமக்கு வேண்டியிருந்தது, எனவே அதைக் குறைக்க யாரும் முயலவே இல்லை. குதிரும் நெல்லும் போய் ஃபிரிட்ஜ் வந்த பிறகுதான் நமக்கு அது உறுத்துகிறது.

ஆகவே வேட்டைக் குணத்தை நிறுத்துவது எப்படி என்று தேடிப் பயனில்லை. அது எங்கே, எதன்மேல் போக வேண்டும் என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்க முடியும். அப்படிப் பார்த்தால் கையில் இருப்பவை மூன்று வழிகள், நாலாவதாக ஒரு அரைவழி.

முதல் வழி பழைய வழி, கதவைத் திறந்து விட்டுவிடுவது. அம்மா இந்தக் கட்சி. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர், வீட்டுக்குள் பூனையைப் பூட்டி வைப்பதைப் பார்த்து, "பூனைய யாராச்சும் ஜெயில்ல போடுவாங்களாடா? பாவம் புடிச்சுக்கும்" என்றார். அவர் வளர்ந்த ஓட்டு வீட்டில் பூனைக்கு வேலை இருந்தது, நெல் மூட்டை அடுக்கிய அறை, வைக்கோல் போர், கொல்லைப்புறம். அதற்கு மலம் கழிக்க மணல் தொட்டி தேவையில்லை, பொம்மை தேவையில்லை, சோபாவைப் பிறாண்டும் பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் சோபாவே இல்லை. பூனையின் மகிழ்ச்சி மட்டும்தான் கணக்கு என்றால் இந்த வழியை மிஞ்ச ஒன்றுமில்லை, இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொல்லைப்புறப் பூனைகள் எத்தனை வருடம் உயிரோடு இருந்தன என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வரும், போகும். கணக்கா வச்சோம்?" என்றார்.

நகரத்தில் அந்த "போகும்" இன்னும் சீக்கிரம் நடக்கும். வண்டி, தெருநாய், கடுவன் பூனைகளோடு சண்டை, சண்டைக் கடியில் பரவும் நோய்கள், தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டே நாளில் கொல்லும் பான்லூக்கோபீனியா, ரேபிஸ். இதெல்லாம் பலருக்கும் தெரியும். பலர் யோசிக்காதது எலி மருந்து. பக்கத்துக் கடைக்காரர் வைத்த மருந்தைத் தின்ற எலி தள்ளாடிக்கொண்டு வரும், அதைப் பிடிப்பதுதான் பூனைக்கு எல்லாவற்றிலும் எளிது, அதைத் தின்றால் விஷம் பூனைக்கும் ஏறும். மழைக்காலத்தில் சூடு தேடிக் கார் இன்ஜினுக்குள் புகுந்து படுப்பது இன்னொன்று. மிளகே அப்படிக் கிடைத்ததுதான், அன்று அந்தக் காரை ஓட்டுகிறவர் சத்தம் கேட்டுப் பானெட்டைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அப்புறம் மறுபக்கம், பூனையின் வாயில் அகப்படுகிறவை. அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகள்வரை கொல்வதாக 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு யாரும் வளர்க்காத பூனைகள் செய்வது, வீட்டுப் பூனைகளின் பங்கு குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் அந்தப் பாதியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்கிறார்கள். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1890-களில் கலங்கரை விளக்கம் கட்டப் போனவர்களோடு பூனை போய் இறங்கியது, பறக்கத் தெரியாத ஒரு சிறு குருவி இனம் சில வருடங்களில் அங்கே இல்லாமல் போனது. கலங்கரை விளக்கக் காவலரின் ஒற்றைப் பூனை ஓர் இனத்தையே அழித்தது என்று இதைக் கதையாகச் சொல்வார்கள், உண்மையில் பெருகிப்போன பல பூனைகள் சேர்ந்து செய்த வேலை அது. இந்த மாதிரி அனுபவங்களால்தான் சில ஊர்களில் சட்டமே போட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 2022 ஜூலை முதல் நாளிலோ அதற்குப் பின்னோ பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரில் அதே வருடம், கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கும் மாதங்களில் ஒரு பகுதிப் பூனைகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. என் தெருவில் வானம்பாடி இல்லை. அணில், ஓணான், தவிட்டுக்குருவி, பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் கூடு கட்டும் தேன்சிட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த அணிலை நான்தான் புதைத்தேன்.

சரி, வெளியே விட்டுக்கொண்டே வேட்டையை மட்டும் குறைக்க முடியாதா? நானும் அதைத்தான் முதலில் முயன்றேன், கழுத்தில் மணி. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று காலகாலமாகக் கேட்கிறோம், கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்ததில்லை. நான் பார்த்தேன். நாலு மாதத்தில் மூன்று ஓணான், ஒரு தவிட்டுக்குருவி, பல்லி கணக்கில்லை. மணி குலுங்காமல் நடக்கப் பழகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். பழைய சில ஆய்வுகள் மணி கட்டினால் இரை பாதியாகக் குறைகிறது என்றன. ஆனால் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில் மணியால் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. பளிச்சென்ற நிறத்தில் கழுத்துப்பட்டைக்குமேல் மாட்டும் துணி வளையம் பறவைகளை மட்டும் 42 சதவீதம் காப்பாற்றியது, எலி வகைகளுக்குப் பயன் இல்லை. உருட்டினால் ஒவ்வொன்றாக உணவு விழுமே, அந்தப் புதிர்ப் பந்துகள் நல்லவை என்று எல்லோரும் சொல்வார்கள், அதைக் கொடுத்த வீடுகளில் இரை 33 சதவீதம் கூடிப்போனது! பலன் தந்தவை இரண்டு. தானியம் சேராத, இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தபோது 36 சதவீதமும், தினமும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் கூட உட்கார்ந்து விளையாடியபோது 25 சதவீதமும் குறைந்தது.

இந்த ஆய்வுதான் என் யோசனையைத் திருப்பியது. கழுத்தில் எதைக் கட்டுவது என்பதைவிட வயிற்றுக்குள் என்ன போகிறது, ஆட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதற்கு மதிப்பு அதிகம். அந்த இரண்டையும் வீட்டுக்குள்ளேயே கொடுக்கலாம் என்றால் வெளியே விட வேண்டிய கட்டாயமே பாதி போய்விடுகிறது. (பட்டை மாட்டியே தீர வேண்டும் என்றால், இழுத்தால் தானாக அவிழும் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். சாதாரண பெல்ட் மரக்கிளையில் மாட்டினால் தூக்குக் கயிறுதான்.)

அடுத்த வழி, முழுக்க உள்ளே. மணியைக் கழற்றிவிட்டு ஜன்னலையும் மூடினேன். முதல் இரண்டு வாரம் நரகம். இருட்டு பிரியும் முன்பே கத்தல், திரைச்சீலையில் தொங்கல், நடந்துபோகும் என் கணுக்காலைப் பின்னாலிருந்து பாய்ந்து கடித்தல். பூனைக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். பூனையின் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் சரிதான். விடியலும் அந்தியும் அதன் வேலை நேரம், வேலைக்குப் போக வழியில்லை, வீட்டில் அசைகிற ஒரே பொருள் என் கால். பலர் இந்தக் கட்டத்தில்தான் "வீட்டுக்குள் வைத்தால் பூனைக்கு மூர்க்கம் வந்துவிடுகிறது" என்று சொல்லித் திரும்பத் திறந்து விடுகிறார்கள். கதவை மூடியது மட்டும்தான் செய்தோம், உள்ளே எதையும் வைக்கவில்லை என்பது அப்போது தோன்றுவதில்லை. ஒன்றும் இல்லாத வீட்டுக்குள் பூனையைப் பூட்டினால் அம்மா சொன்ன மாதிரி அது ஜெயில்தான். சோம்பல், ஊளைச் சதை, சில பூனைகளுக்கு மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பைக் கோளாறுகூட வரும்.

உள்ளே என்ன வைத்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கேதான் எல்லாம் இருக்கிறது.

விளையாட்டு. வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு: உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்தல், பாய்தல், கடித்தல், தின்றல். இந்த வரிசை முழுதாக ஓடி முடிந்தால்தான் பூனை அடங்கும். லேசர் விளக்கில் இதுதான் குறை, துரத்தத் துரத்த ஓடும், பிடிபடவே படாது, சில பூனைகள் அதன் பிறகு வெறுஞ்சுவரில் எந்த வெளிச்சம் விழுந்தாலும் முறைத்துக்கொண்டு திரியும். நான் பயன்படுத்துவது துடைப்பத்திலிருந்து உருவிய நாலு ஈர்க்குச்சியைச் சேர்த்துக் கட்டி, ஒரு முழக் கயிறு, நுனியில் கோழி இறகோ கசக்கிய காகிதமோ. இரை நம்மை நோக்கி வராது, ஓடி ஒளியும். அதனால் பொம்மையைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், கதவு இடுக்கில் இழுங்கள், மேசைக்கடியில் கொஞ்சம் அசையாமல் நிறுத்துங்கள், அப்போது பின்புறத்தை ஆட்டிக்கொண்டு பதுங்கும் பாருங்கள், அதுதான் வேண்டும். பத்து நிமிடம் கழித்து நன்றாகப் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு. பிடித்தேன், தின்றேன், இனி நக்கித் துடைத்துக்கொண்டு தூங்குவேன் என்று போய்விடும். இரவு பத்து மணிக்கு இதைச் செய்ய ஆரம்பித்து ஒரு மாதத்தில் விடியற்காலைக் கச்சேரி நின்றுவிட்டது. ஆடி முடித்ததும் கயிற்றைப் பூனைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கி அறுவைவரை போகும்.

சாப்பாடு. மீன் குழம்புச் சோறு, தயிர்ச்சோறு, பால், இதில் வளர்ந்த பூனைகள் நம் ஊரில் ஏராளம். ஆனால் அவை வெளியே போய் எலியும் பல்லியும் தின்று பற்றாக்குறையை ஈடு செய்துகொண்டன, உள்ளே வைத்த பூனைக்கு அந்த வாய்ப்பு இல்லை. டாரின் என்ற ஒரு சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பூனைக்குக் கிடைத்தாக வேண்டும், குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1987-இல் தெரியவந்த பிறகுதான் பாக்கெட் உணவுகளிலேயே அதன் அளவைக் கூட்டினார்கள். சைவ வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, டாரின் சேர்த்த பாக்கெட் உணவை வாங்கிப் போடும் மனசாவது வேண்டும். பால் ஒரு பெரிய மூடநம்பிக்கை. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். இனிப்பின் சுவையே பூனை நாக்குக்குத் தெரியாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அதற்கான மரபணு அதனிடம் பழுதாகிக் கிடக்கிறதாம்.

பிறாண்டல். இதை யாரும் குறும்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நகத்தின் பழைய மேலுறையை உரிக்கிறது, முதுகை நீட்டிச் சோம்பல் முறிக்கிறது, பாதத்தில் உள்ள சுரப்பிகளால் இது என் இடம் என்று எழுதி வைக்கிறது. மூன்றையும் அடக்க முடியாது, இடத்தை மாற்றலாம். பழைய மேசைக்கால் ஒன்றில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, மூன்றடி உயரத்துக்கு, ஆடாமல் நிற்கும்படி சோபாவின் அந்த மூலைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கயிற்றுச் செலவு 200 ரூபாய். கடையில் வாங்கும் ஒன்றரை அடிக் குச்சிகள் பூனை முழுதாக நீளப் போதாது, சாய்ந்தும் விழும், ஒரு முறை விழுந்தால் பிறகு அந்தப் பக்கமே வராது. நகத்தை எடுத்துவிடும் அறுவை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டால் மறந்துவிடுங்கள். அது நகத்தோடு விரலின் கடைசிக் கணுவையே வெட்டி எடுப்பது. நியூயார்க் மாநிலத்தில் 2019-இல் தடை செய்துவிட்டார்கள். அடிப்பது, தண்ணீர் பீச்சுவது இரண்டாலும் ஒரே பலன்தான், நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யக் கற்றுக்கொள்ளும்.

இன்னொரு விஷயம், நம் ஊர்ச் சரக்கு. பூனைகளைக் கிறங்க வைக்கும் கேட்னிப் என்ற வெளிநாட்டுச் செடியின் பொட்டலம் இங்கே கொள்ளை விலை. நம் தெருவோரம் முளைத்துக் கிடக்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை. வேரோடு பிடுங்கிக் கழுவி முன்னால் வைத்தால் மிளகு அதில் முகத்தைத் தேய்த்துப் புரண்டு பத்து நிமிடம் வேறு உலகத்தில் இருக்கும். முகர்ந்து புரளத்தான், தின்னக் கொடுப்பதற்கு இல்லை, முடிந்ததும் எடுத்துவிடுவேன்.

மணல் தொட்டி பற்றி ஒரு வரி போதும்: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வையுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி வையுங்கள், தினமும் அள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் முதலில் முடிக்க வேண்டியது கருத்தடை. கடுவன் பூனை சுவரில் பீச்சுவது, பெட்டை இரவெல்லாம் கத்துவது இதையெல்லாம் விளையாட்டாலும் சாப்பாட்டாலும் மாற்ற முடியாது, அது வேறு கணக்கு. பருவத்துக்கு வரும் முன் செய்துவிட்டால் ஆண் பூனைகளில் பத்தில் ஒன்றுதான் பிறகும் பீச்சுகிறது, பெட்டைகளில் இருபதில் ஒன்று.

உள்ளே வைப்பதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒன்று, நியாயமாகவே, அது உங்கள் நேரத்தைத் தின்னும். தினம் இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம், ஊருக்குப் போனால் யாராவது வந்து பார்க்க வேண்டும். வெளியே விடும் பூனைக்கு மரம் வாத்தியார், தெரு மைதானம். உள்ளே இருக்கும் பூனைக்கு நீங்கள்தான் மரம், நீங்கள்தான் எலி. அந்த இருபது நிமிடம் கொடுக்க முடியாத வேலையில் இருப்பவர்கள் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளாக எடுப்பது நல்லது, ஒன்றையொன்று துரத்திக்கொள்ளும். சும்மா கிடக்கும் ஒற்றைப் பூனையைவிட அது மேல். வீட்டுக்குள் பல்லி வேட்டை நடந்துகொண்டுதான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதிரி வெப்பமான ஊர்களில் பல்லி தின்னும் பூனைகளுக்குக் கல்லீரலில் தட்டைப்புழு வர வாய்ப்பு உண்டு. சாப்பிடாமல் சுருண்டு படுத்து, கண்ணோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தால் பல்லி தின்ற கதையையும் கால்நடை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சாதாரணக் குடற்புழு மருந்து அளவு அதற்குப் போதாது.

மூன்றாவது வழி வலை அடித்த பால்கனி, நான் கடைசியில் வந்து நின்ற இடம். காற்று, வெயில், கீழே போகிற ஆட்கள், எதிர்க் கம்பியில் காக்கை, எல்லாம் உண்டு, எதுவும் வாயில் அகப்படாது. முழுக்க உள்ளே வைத்த மூன்று மாதத்தில் குறையாத ஏதோ ஒன்று மிளகுக்கு வலை போட்ட முதல் வாரத்திலேயே குறைந்தது. மூலையில் உயரமாக ஒரு பலகை அடித்திருக்கிறேன், பாதி நாள் அதில்தான். புறாவைப் பார்த்தால் தாடையை வெடவெடவென்று ஆட்டி ஒரு சத்தம் போடும், கிடைக்காத இரையைப் பார்த்துப் பூனைகள் போடுகிற சத்தம் அது. அது ஏக்கமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியாது, பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

வலை இல்லாமல் பால்கனிக் கதவைத் திறந்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் விழும், ஒன்றும் ஆகாது என்கிறார்கள். 1987-இல் நியூயார்க்கில் ஒரு கால்நடை மருத்துவமனையினர் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் இந்த நம்பிக்கைக்கு அறிவியல் வேஷம் வந்தது. சராசரியாக ஐந்தரை மாடி உயரம், சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. உண்மைதான். ஆனால் விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போவார்கள்? பிழைத்தவற்றுக்கும் தாடை உடைந்திருந்தது, மார்பில் அடி, கால் முறிவு. காலில் விழுவது வேறு, அடி படாமல் விழுவது வேறு. புறாவைக் குறி வைத்துவிட்ட பூனைக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே முடிகிறது என்பது கண்ணில் படாது.

என்ன வலை என்பதில்தான் பணம் வீணாகும். நம் அபார்ட்மென்ட்களில் எல்லோரும் போடுவது நைலான் புறா வலை. மலிவு, ஒரு மணி நேரத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது புறா உள்ளே வராமல் இருக்கத்தான், பூனை வெளியே போகாமல் இருக்க இல்லை. நகமும் பல்லும் வைத்தால் நாளாவட்டத்தில் அறுந்துவிடும், வெயிலில் இற்றும் போகும். நான் முதலில் அதைத்தான் போட்டு, ஒரு மூலையில் மிளகு தலை நுழைகிற அளவு ஓட்டை போட்டிருந்ததைப் பார்த்துப் பிரித்தேன். இன்விசிபிள் கிரில் என்று இப்போது போடுகிறார்களே, நெட்டுக்குத்தாக மெல்லிய எஃகுக் கம்பிகள், பார்க்க அழகு, அசோசியேஷனும் சண்டைக்கு வராது. ஆனால் கம்பிக்குக் கம்பி சுமார் இரண்டு அங்குலம் விடுகிறார்கள், குட்டிப் பூனை நுழைந்துவிடும், இழுபடும் கம்பி என்பதால் பெரியதும் தலையை விட்டுப் பார்க்கும். தலை போனால் உடம்பு போகும், பூனைக்கு அதுதான் அளவுகோல். சிறந்தது ஓர் அங்குலக் கட்டமுள்ள எஃகுக் கம்பி வலை, இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டியது. செலவு மூன்றிலும் அதிகம், பார்க்கக் கோழிக்கூடு மாதிரிதான் இருக்கும், அம்மா அப்படித்தான் சொன்னார். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்காமல் சுவரில் துளை போடாதீர்கள். தரைக்கும் கூரைக்கும் முட்டுக்கொடுத்து நிறுத்தும் கம்பங்களில் வலையைக் கட்டலாம், கழற்றி எடுத்துப் போகலாம்.

அந்த அரைவழி, மார்பையும் முதுகையும் சுற்றிய வாரான ஹார்னஸ் மாட்டி நாயைப் போல நடக்க அழைத்துப் போவது. குட்டியிலிருந்து பழக்கினால் சில பூனைகள் ஒப்புக்கொள்ளும். மிளகுக்கு மாட்டியதும் முதுகில் யாரோ உட்கார்ந்த மாதிரி தரையோடு தரையாகப் படுத்துவிட்டது, இரண்டு வாரம் முயன்று விட்டுவிட்டேன். தெருநாய் உள்ள தெருவில் இது வேண்டவே வேண்டாம், பயந்த பூனை உங்கள் மேலேறி உச்சந்தலை வழியாகத்தான் தப்பிக்கப் பார்க்கும்.

ஆக யாருக்கு எது? மாடி வீடு, ஒரு பால்கனி என்றால் உள்ளே வைத்து வலை போடுங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பால்கனி இல்லை என்றால் ஒரு ஜன்னலுக்காவது வெளிப்பக்கம் கூண்டு மாதிரி கம்பி வலை அடித்து உள்ளே உட்காரப் பலகை வையுங்கள். தனி வீடு, சுற்றிலும் மதில் என்றால் மதிலைப் பூனை ஒரு தடையாகவே நினைக்காது, மதில்மேல் பூனை என்ற பேச்சே அதனால் வந்ததுதான். உள்பக்கம் சாய்வாக வலை நீட்டினால் ஓரளவு நிற்கும், மரம் ஒட்டியிருந்தால் நிற்காது. கிராமத்தில், நெல்லும் எலியும் உள்ள வீட்டில் பூனையைப் பூட்டச் சொல்ல நான் யார்? கருத்தடை, தடுப்பூசி, நல்ல இறைச்சிச் சாப்பாடு, இருட்டிய பின் உள்ளே படுக்க இடம், இவ்வளவு செய்தாலே பெரிது. குருவிகள் குஞ்சு பொரிக்கும் நாட்களில் காலை வேளையில் மட்டும் உள்ளே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வெளியே பழகிய வளர்ந்த பூனையை ஒரே நாளில் அடைக்காதீர்கள். முதலில் இரவில் மட்டும், சாப்பாட்டு நேரத்தைக் கூப்பிடும் மணியாக வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். வயதான தெருப் பூனைகள் சில என்ன செய்தாலும் அடங்காது, அவற்றை வற்புறுத்துவதும் கொடுமைதான்.

வலை போட்ட பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. மாதம் ஒரு முறை ஓரங்களில் உள்ள கொக்கிகளைக் கையால் இழுத்துப் பாருங்கள், முக்கியமாகப் பூனை உட்காரும் பலகைக்கு மேலே உள்ளவற்றை. கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் வாங்கும்போதே 316 ரக எஃகு என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் முதல் கம்பி வலை சாதாரண முலாம் பூசியது, இரண்டாவது மழைக்காலத்தில் துரு ஏறி இரண்டு முடிச்சு விட்டுப்போயிருந்தது, மிளகுக்கு முன்னால் நான் பார்த்தேன்.